திருத்தாமல் வெளியிடக் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம்தானே? தங்கள் அலுவலகத்தில் என் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் மனைவியும் மகளும் உடலளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டதும் தாங்கள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அதில் தவறில்லை. கடந்த ஏழாண்டுகளில் தங்கள் சிறுவர் மாத இதழுக்கு நான் எழுதிய கடிதங்கள் முப்பத்தெட்டு. ஒன்றைத் தவிர எல்லாமே இதழில் வந்த எழுத்துப் பிழைகளைப் பற்றியவை. ‘காட்டுக்குள்ளிருந்து ஒரு புளி பாய்ந்து வந்தது’ என்று அட்டைப்படக் கதையில் வந்தபோது அடுத்தடுத்த நாள்களில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாங்கள் ஒரே ஒரு முறை ஓர் அஞ்சலட்டை அனுப்பினீர்கள்: ‘அன்புடையீர், தங்கள் கடிதங்கள் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. தாங்கள் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளவும்.’ அந்த இரண்டு வாக்கியங்களிலும் பிழையே இல்லை என்று பாராட்டி இருபத்தேழாவது கடிதத்தை எழுதினேன். இது முப்பத்தொன்பதாவது. ஆனால் இது அந்த வகையைச் சேர்ந்ததன்று. என் மகள் பென்சிலால் எழுதிய மூன்று பக்கக் கதையொன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைத் தாங்கள் வெளியிட வேண்டும். வெளியிடும்போது ஓர் எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது. இதைக் கேட்பது நான்தானா என்று தாங்கள் கையெழுத்தை மறுபடி பார்ப்பீர்கள். நான்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். பிழையால் பிழைப்பவன் என்று மனைவி சொல்வாள். இயந்திர அறைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட சிற்றறை என்னுடையது. இயந்திரம் ஓடினால் என் மேசையிலுள்ள தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழும். அழைப்பிதழ், பாடநூல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், இரங்கல் அறிவிப்பு என்று எது அச்சாக வேண்டுமானாலும் என் சிவப்பு மையைத் தாண்டித்தான் போக வேண்டும். மனைவி ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள்; மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். எழுத்து எப்படி இருந்தாலும் எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். என்ன சொல்ல வந்திருந்தாலும் எழுத்தில் என்ன தவறு என்று கண்டுபிடிப்பது என் தொழில். இந்த வித்தியாசத்தை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளை ‘ரேடியோ’ என்போம். கண் விழித்ததும் ஒலிபரப்பு ஆரம்பமாகிவிடும். குழாய் சொட்டினால் அதற்கு ஒரு கதை, இடது கால் செருப்பு வலது கால் செருப்போடு பேசுவதில்லை என்று ஒரு கதை, மாடிப்படியில் ஏழாவது படி மட்டும் ஏன் உடைந்தது என்பதற்கு நாளுக்கொரு கதை. முதல் வகுப்பில் சேர்த்து நான்கு மாதம் ஆனதும் வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

“கதை சொல்லச் சொன்னா வகுப்பே வாயைப் பொளந்துக்கிட்டு கேக்குது. ஆனா புஸ்தகத்தைத் திறந்தா எழுத்துக் கூட்டவே மாட்டேங்கறா. படத்தைப் பார்த்துட்டு அவளா ஒண்ணு வாசிக்கறா. அது புஸ்தகத்துல இருக்கறதைவிட நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. இருந்தாலும் வீட்டுல கொஞ்சம் உக்காந்து பாருங்க” என்றார்.

ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவன் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை. என் காது மடல் சூடானதை நானே உணர்ந்தேன். திரும்பும் வழியில் மனைவி, “ஞாயித்துக்கிழமையில நான் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டறேன். தானா வந்துரும்” என்றாள். “தானாக வருவது பிழை மட்டும்தான்” என்றேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் அச்சகத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

முதல் வாரம் வீட்டிலுள்ள பொருள்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். கண்ணில் படுவதையெல்லாம் அவள் வாசித்துப் பழகட்டும் என்பது எண்ணம். கதவு, சுவர், அலமாரி, நாற்காலி என்று வேகமாகத்தான் போனது. ‘ஜன்னல்’ என்று எழுதுவதா ‘சன்னல்’ என்று எழுதுவதா என்பதில் இரண்டு நாள் நின்றுபோய், கடைசியில் ‘சாளரம்’ என்று ஒட்டிவிட்டு நகர்ந்தேன். மகள் அண்ணாந்து பார்த்து, “அப்பா, மின்விசிறின்னா என்ன?” என்றாள். “ஃபேன்தான்மா.” “அப்போ ஃபேன்னு ஒட்டேன். பாவம், அதுக்கே அதோட பேரு தெரியாதே” என்றாள். மனைவியின் தம்பி வேலைக்குப் போகும் வழியில் வந்து, சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் போனதில் ‘நாற்காலி’ அவன் முதுகோடு போய்விட்டது. அவன் வங்கியில் வேலை பார்க்கிறவன். மாலை வரை முதுகில் நாற்காலியோடு இருந்திருக்கிறான், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். என்னிடம் அவன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மகள் ‘கதவு’ சீட்டைப் பிய்த்து என் சட்டையில் ஒட்டினாள். ஏன் என்று கேட்டேன். “நீதான் எப்பவும் வழியில நிக்கறே” என்றாள்.

இரண்டாவது வாரம் சொல்வதெழுதுதல். பத்துச் சொல் சொன்னால் ஏழு தவறும். தவறிய ஒவ்வொன்றையும் பத்து முறை எழுத வேண்டும். மூன்றாவது வாரம்தான் என் புத்தியில் அந்தத் திட்டம் உதித்தது. கதை என்றால்தானே இவளுக்கு உயிர்? அந்த உயிரை எழுத்தின் பக்கம் திருப்பிவிடலாமே என்று நினைத்தேன். இனி இந்த வீட்டில் எழுதாமல் யாரும் கதை சொல்லக் கூடாது. முதலில் எழுத வேண்டும், என்னிடம் காட்ட வேண்டும், நான் திருத்தியதைப் படியெடுக்க வேண்டும், அதன் பிறகு தாராளமாகச் சொல்லலாம் என்று அறிவித்தேன். “சட்டம் போடறீங்களா?” என்று மனைவி கேட்டாள். “இல்லை, நடைமுறை” என்றேன்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம் ஐயா. மகள் நடைமுறையை ஏற்றுக்கொண்டாள். மூன்று மாலைப் பொழுதுகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, பென்சிலை ஊன்றி ஊன்றி எழுதினாள். எழுத்துக் கூட்டவே மாட்டாள் என்று பெயர் வாங்கிய பிள்ளை ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள். அன்றைக்கு நான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றியிருக்க வேண்டும். அவள் தாளைக் கொண்டுவந்து நீட்டி, “நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுப்பா” என்றாள். நான், “முதல்ல சரியா இருக்கான்னு பாக்கலாம்” என்றேன்.

என் கைக்கு அது பழக்கம். தாள் வந்துவிட்டால் விரல் தானாகப் பேனாவைத் தேடும். பத்தொன்பது வரி, இருபத்து மூன்று இடத்தில் சிவப்பு விழுந்தது. முதல் சிவப்பு தலைப்பின் மேலேயே. ‘பல்லிக்கூடம்’ என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டு ஓரத்தில் ‘பள்ளி’ என்று எழுதினேன்.

“ஏன்ப்பா அடிச்சே?”

“இது பள்ளிக்கூடம்மா. பெரிய ள போடணும். ஸ்கூல்.”

“இது ஸ்கூல் இல்ல. பல்லிக்கூடம்.”

“அப்படி ஒரு சொல்லே கிடையாது.”

“பல்லிங்க படிக்கற எடம்ப்பா. சமையலறைச் செவுத்துல லைட்டைப் போட்டதும் எல்லாம் வருமே, அதுங்களோட ஸ்கூல்.”

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. நான் எழுந்து போய் அகராதியைக் கொண்டுவந்தேன். பல்லி இருக்கிறது, கூடம் இருக்கிறது, பல்லிக்கூடம் இல்லை என்று விரல் வைத்துக் காட்டினேன். ஆறு வயதுக் குழந்தையிடம் அகராதியைப் பிரித்துக் காட்டிய ஆள் ஐயா நான். அவள் அகராதியைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது, விழவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்து, காலியான ஒரு செருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பின்னொரு நாள்தான் எனக்கு உறைத்தது: பல்லிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு ‘க்’ வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் போட்டிருந்தாள். தங்கள் தலையங்கத்திலேயே அது பல முறை விடுபட்டிருக்கிறது. (கடிதங்கள் ஒன்பது, பதினான்கு, முப்பத்திரண்டு.)

மறுநாள் காலை வீடு அமைதியாக இருந்தது. முதலில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மருந்துத் தாளின் புரூஃபை வீட்டிலேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் திருத்தி முடித்தேன். மூன்றாம் நாள்தான் காதில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கதை இல்லை. மகள் பேசாமல் இல்லை, பேசினாள். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். பிறகு, “தண்ணீர் வேண்டும்” என்பாள். “போதும்” என்பாள். ‘தண்ணி’ என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, அறிவிப்புப் பலகை வாசிப்பதுபோல ‘தண்ணீர்’ என்றது. தவறே வர முடியாத சொற்களாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். அப்படிப்பட்ட சொற்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டுதான் தேறும் போலிருக்கிறது.

பள்ளியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. கதை நேரத்தில் எழுந்து நிற்கிறாளாம், வாயைத் திறப்பதில்லையாம். தொண்டையில் ஏதாவது கோளாறோ என்று மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு அவர், “தொண்டை நல்லாத்தான் இருக்கு. வீட்டுல யாராவது திட்டினீங்களா?” என்றார். “இல்லை டாக்டர். திருத்தினேன்” என்றேன். சீட்டில் எதுவும் எழுதவில்லை. வெற்றுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். அப்புறம் சொன்னாள்.

“தப்பு வந்துடுமோன்னு அவ பயப்படலைங்க. நீங்க கேட்டுட்டு இருக்கீங்களேன்னு பயப்படறா.”

அதற்கு என்னிடம் திருத்தம் ஏதும் இல்லை.

நானே கதை சொல்லி அவளைப் பேச வைத்துவிடலாம் என்று முயன்றேன். “ஒரு ஊர்ல” என்று ஆரம்பித்தேன். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ அல்லவா வர வேண்டும்? “ஓர் ஊரில்” என்று மாற்றினேன். “ஓர் ஊரில் ஒரு அரசன், இல்லை, ஓர் அரசன், இருந்தான், அதாவது இருந்தார்” என்று போய், அரசனுக்கு மரியாதைப் பன்மை கொடுத்தால் பின்னால் வரப்போகும் அமைச்சருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். மனைவி கதவருகில் இருந்து, “கதை சொல்றீங்களா, கோர்ட்டுல சாட்சி சொல்றீங்களா?” என்றாள். மகள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக முடித்ததும் “நன்றி” என்றாள். உச்சரிப்பு, எழுத்து, இலக்கணம் எல்லாம் சுத்தமான ஒரு ‘நன்றி’.

அந்த நாள்களில்தான் அச்சகத்தில் அது நடந்தது. ஒரு பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழ் என் மேசைக்கு வந்தது. படித்தேன், இரண்டு முறை படித்தேன், கையெழுத்திட்டு அனுப்பினேன். அச்சாகி, உறையிலிடப்பட்டு, ஊர் முழுக்கப் போய்விட்டது. நான்காம் நாள் அந்தப் பள்ளியின் முதல்வர் அம்மா நேரில் வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேலாளர் அழைப்பிதழை எடுத்து உரக்க வாசித்தார்: ‘எங்கள் பல்லியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவிற்குத் தங்களை அன்புடன் அழைக்கிறோம். பல்லி முதல்வர் ஆண்டறிக்கை வாசிப்பார்.’

“நான்தாங்க அந்தப் பல்லி முதல்வர்” என்றார் அந்த அம்மா. கோபமே இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலாளர் என்னைப் பார்த்தார். “பத்தொன்பது வருஷத்துல உங்க கண்ணுல ஒரு கொசு தப்பினதில்லையே சார். பல்லி எப்படித் தப்பிச்சுது?”

“படிக்கும்போது சரியாத்தான் இருந்துச்சுங்க.”

“என்ன சரியா இருந்துச்சு?”

“பல்லிங்களுக்கும் முதல்வர்னு ஒருத்தங்க இருப்பாங்கன்னு தோணுச்சு.”

மேலாளர் நல்ல மனிதர். புதிதாக அச்சடித்துத் தரச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, முதல்வர் அம்மா போன பிறகு என் தோளில் கை வைத்தார். “ஒரு வாரம் லீவு போடுங்க. வீட்டுல இருங்க. எதையும் படிக்காதீங்க. கடைப் பலகையக்கூட” என்றார்.

படிக்காமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. முதல் நாள் சாயங்காலம், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், சமையலறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டேன். சுவரையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தன. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து இரண்டு, புகைபோக்கி ஓரத்திலிருந்து ஒன்று, எங்கிருந்து என்று தெரியாமல் இரண்டு. இந்த வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். பல்லி என்ற சொல்லை அதற்குள் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். ஒரு பல்லியை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். மகள் அந்தப் பக்கமாக வந்து, பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் கதவோரம் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் தன் சின்ன முக்காலியை இழுத்துவந்து, என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை; என்னால் முடிந்த புத்திசாலித்தனம் அவ்வளவுதான். வெகு நேரம் கழித்து எனக்கு நானே சொல்லிக்கொள்வதுபோல, “அந்தப் பெரிசுதான் டீச்சர் போல” என்றேன்.

ஒரு நிமிடம் போயிருக்கும்.

“இல்ல.”

நான் திரும்பவில்லை.

“அது வாட்ச்மேன். டீச்சர் இன்னும் வரல.”

“அப்போ அந்த ஒல்லியா இருக்கறது?”

“ஐய, அது மூணாம் வகுப்பு.”

“லைட்டுக்கு மேல இருக்கறது? அது லீடரா?”

“தப்பு! அதுக்கு வயித்து வலி, அதான் தனியா உக்காந்திருக்கு. ஐயோ அப்பா, உனக்கு ஒண்ணுமே தெரியல!”

வேண்டுமென்று தவறாகச் சொன்னேன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கில்லை. உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு முறை ஊகித்தேன், ஆறும் தவறு. ஒவ்வொரு தவறுக்கும் அவள் குரல் ஒரு படி ஏறியது, முக்காலி ஓர் அங்குலம் நகர்ந்து வந்தது, ஆறாவது தவறில் அவள் கை என் முழங்கால் மேல் இருந்தது. பதினாறு நாளாக அடைத்துக் கிடந்தது அத்தனையும் கொட்டியது. வேலை முடிந்து வந்த மனைவி, உள்ளே ரேடியோ பாடுவதைக் கேட்டுக் கைப்பையைக்கூட இறக்காமல் கதவுக்கு வெளியிலேயே நின்றாளாம். உள்ளே வந்தால் நின்றுவிடுமோ என்று பயந்தாளாம். இதைப் பிறகு என்னிடம் சொல்லும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் எதுவும் கற்பிக்கவில்லை. வேலை என்னிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. பல்லிக்கூடத்துக்கு வருகைப் பதிவேடு வேண்டும் என்றாள். அவளே கோடு போட்டாள், பெயர் வைத்தாள், எழுதினாள். தினம் விளக்கு போட்டதும் பெயர்களை வாசிப்பாள். பல்லிகளின் சார்பில் “உள்ளேன் டீச்சர்” என்று சொல்வது என் பணி. சொல்லத் தாமதமானால் ‘வரவில்லை’ என்று போட்டுவிடுவாள். பதிவேடு தொடங்கிய நான்காம் நாள் செருப்புப் பெட்டியைத் திறந்து பழைய தாளை எடுத்தாள். அதிலிருந்த சிவப்பைப் பார்த்தாள். கசக்கவில்லை, கிழிக்கவில்லை, தள்ளி வைத்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதி முடிக்கும் வரை நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். இது உவமை அன்று. விரல் மரத்துப்போய் மனைவி தேய்த்துவிட வேண்டியதாயிற்று.

அந்தக் கதைதான் இந்த உறைக்குள் இருப்பது. சமையலறைச் சுவரில் ஒரு பல்லிக்கூடம். அங்கே தலைகீழாக நின்றால்தான் பாடம் புரியும். கீழே விழுந்தால் அடியில்லை, மறுபடி ஏறி வர வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேர வந்த ஒரு குட்டிக்கு வால் அறுந்துபோயிருக்கிறது, அதனால் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அதை உள்ளே விட மாட்டேன் என்கிறது. அந்த வாட்ச்மேனுக்குக் கண்ணாடி உண்டு என்று எழுதியிருக்கிறாள். எங்கள் வீட்டில் கண்ணாடி அணிபவன் நான் ஒருவன்தான். இதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. முடிவைத் தாங்களே வாசித்துக்கொள்ளவும். நான் வாசித்தபோது எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அதில் பிழைகள் எத்தனை என்று நான் எண்ணவில்லை. (நாற்பத்தொன்று.)

ஆகவே என் பணிவான வேண்டுகோள். தங்களிடம் பிழை திருத்துகிறவர் யாரேனும் இருந்தால் (இருப்பதாக இதழைப் பார்த்து எனக்குத் தோன்றியதில்லை, மன்னிக்கவும், பழக்கம்), அவரிடம் இந்தக் கதையைக் காட்ட வேண்டாம். ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ற’ இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கம் ஓடுகிறது. ஓடட்டும், அவள் பேசுவதும் அப்படித்தான். முக்கியமாக அந்தத் தலைப்பு. தங்கள் அலுவலகத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு ‘பள்ளிக்கூடம்’ என்று மாற்றி, அது அச்சில் வந்து, அவள் அதைப் பார்க்க நேர்ந்தால் மறுபடி எத்தனை நாள் இந்த வீட்டில் சத்தம் இருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு குழந்தை எழுதியதை அது எழுதியபடியே விடுவதுதான் மரியாதை என்பதை முப்பத்தெட்டுக் கடிதங்களுக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறேன். ‘புளி பாய்ந்து வந்தது’ விஷயத்தில்கூட நான் சற்று அவசரப்பட்டிருக்கலாம். எழுதியவர் எதைக் கண்டாரோ.

தங்கள் இதழ் குழந்தைகளின் கையில் கிழிந்து, பசை ஒட்டி, முனை மடங்கி, பழைய தாள்காரரிடம் போய்ச் சேர முடியாத அளவுக்கு வாசிக்கப்பட வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு என் அன்பையும், இந்தக் கடிதத்தைப் பிரித்தவருக்கு என் மன்னிப்பையும் சேர்ப்பிக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பிழை திருத்துநர்

பின்குறிப்பு: கடிதத்தை முடித்து மேசையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு படமும் இல்லாத ஏழு பக்கம். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள், ஆனால் எதையும் தாண்டவில்லை, அவளாக ஒன்றும் சேர்க்கவில்லை. நான் நிலைப்படியில் நின்றேன். ஓர் இடத்தில்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. மதியம் ஆரம்பித்தவள் பொழுது சாயும்போது முடித்தாள். முடித்துவிட்டு, “நாப்பத்தொரு தப்பா?” என்றாள். எண்ணவில்லை என்றுதானே எழுதியிருக்கிறேன் என்று சமாளித்தேன். “அடைப்புக்குள்ள போட்டிருக்கியே. தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா? எல்லாரும் பாக்கற புஸ்தகத்துக்குத் தப்போடவே அனுப்பப் பாத்தியா?” நீ வருத்தப்படுவாயே என்றுதான், என்று இழுத்தேன். கதையைப் பிரித்து ஒரு தப்பையாவது காட்டச் சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் பல்லியின் வாலை ‘வாள்’ என்று எழுதியிருந்தாள்; அறுந்த வாளோடு அந்தக் குட்டி வாசலில் நின்றது எனக்கு ஒருவகையில் பிடித்துத்தான் இருந்தது. அது எந்த வாள் என்று சொன்னேன். அவள் முகம் சிவந்தது. “பல்லிக்கூடம் தப்பில்ல, அதைப் போய்த் தப்புன்னே. இது தப்பு, இதை விட்டுட்டே. உனக்கு எது தப்புன்னே தெரியலப்பா” என்றாள்.

ஆகவே கதை இத்துடன் இணைக்கப்படவில்லை. மேலே கண்ட வேண்டுகோள் முழுவதையும் ரத்து செய்துவிடவும். உறை வாங்கிவிட்டபடியால் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன். அவள் இப்போது சாப்பாட்டு மேசையில் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்து அறையில்தான் இருக்க வேண்டும், கூப்பிட்டால் மட்டும் வர வேண்டும், கேட்ட எழுத்தை மட்டும் சொல்ல வேண்டும், சொன்னதும் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. இதுவரை மூன்று முறை போய் வந்தேன். இதோ, மறுபடி கூப்பிடுகிறாள்.